எங்கள் பையன்களைத் தமிழுக்கும் திடலுக்கும் நடுவே நிறுத்தாதீர்கள்

சிங்கப்பூரின் நூறாண்டு கடந்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளிகளின் முதல்வர்களுக்கும், சிசிஏ எனும் இணைப்பாட நடவடிக்கைகளின் பொறுப்பாசிரியர்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பள்ளிகளில் ஒன்றில் உயர்நிலை இரண்டு படிக்கும் பையனின் அப்பா நான். எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. ஒரு பள்ளியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோரையும் எனக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டுக்கான சிசிஏ பயிற்சி நாள்களை முடிவு செய்ய உட்காரும்போது, பள்ளிக்கு வெளியே போய்த் தமிழ் படிக்கும் மாணவர்களின் வகுப்பு நாள்களையும் மேசைமேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாலையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே தவிர்க்க முடியவில்லையோ அங்கே அந்தப் பையன் எதையும் இழக்காமல் இருக்க ஒரு வழி செய்யுங்கள்.

உங்களில் சிலருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தமிழ் எடுக்கும் மாணவர்கள் ஒரு பள்ளியில் மிகக் குறைவாக இருந்தால் அங்கே தமிழ் வகுப்பு நடப்பதில்லை. அந்த மாணவர்களில் பலர் பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போவார்கள். உமறுப் புலவர் பள்ளிதான் இங்கே கடைசியாக இருந்த தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி. அது 1982-ல் மூடப்பட்டது. அந்தப் பெயரைத்தான் இந்த நிலையம் தாங்கி நிற்கிறது. வெவ்வேறு பள்ளிச் சீருடைகளில் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் இடம் அது. என் மகன் படிக்கும் பள்ளியில் அவன் வகுப்பில் இந்தியப் பையன்களே சிலர்தான். நிலையத்துக்குப் போனால் அவனோடு தமிழில் பேசிச் சிரிக்க ஒரு கூட்டமே இருக்கிறது. நிலையத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

சிக்கல் நேரத்தில்தான். பள்ளி முடிந்த பிறகு இருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் சிசிஏ நேரமும்.

ஆண்கள் பள்ளியில் அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியில் இருப்பவர்கள் பலரும் இந்தப் பள்ளிகளைத் தேர்வு முடிவுகளை வைத்துத்தான் அறிந்திருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் புள்ளி எத்தனை, எத்தனை பேர் எந்தத் தொடக்கக் கல்லூரிக்கு (ஜேசி) போனார்கள், அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது, இந்தப் பள்ளிகளைப் பாதி நடத்துவது பையன்கள்தான் என்று. காலையில் சதுக்கத்தில் வரிசையை நேராக்குவது மாணவத் தலைவர்கள். விளையாட்டு தினத்தில் தன் இல்லத்து (ஹவுஸ்) பையன்களை ஒன்றுசேர்த்து ஓடவைப்பது இல்லத் தலைவன். தேசிய மாணவர் படையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பூட்ஸைப் பளபளப்பாக்கக் கற்றுக்கொடுப்பது அவனைவிட இரண்டு வயது மூத்த அண்ணன். இசைக்குழுவில் புதியவனுக்கு வாத்தியத்தைப் பிடிக்கச் சொல்லித்தருவதும் மூத்த மாணவன்தான். ஆசிரியர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு ஆண்டுகளில் கற்றுக்கொள்கிறவன் கற்றுக்கொடுக்கிறவனாக மாறிவிடுவான். இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்தது அல்ல. ஆங்கிலோ-சீனப் பள்ளி 1886-ல் அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் 13 சிறுவர்களோடு தொடங்கியது. செயின்ட் ஜோசஃப்ஸ் 1852-ல், செயின்ட் ஆண்ட்ரூஸ் 1862-ல். இத்தனை தலைமுறைகளாக மூத்தவன் இளையவனைக் கைபிடித்து இழுத்துவந்ததால்தான் இந்தப் பள்ளிகள் இப்படி நிற்கின்றன என்று நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பையன் வாரம் ஒருமுறை பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தால் என்ன ஆகும்?

என் மகன் ஹாக்கி ஆடுகிறான். தொடக்கப்பள்ளியிலிருந்தே பைத்தியம். அவனுடைய அணிக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி. அதில் ஒரு நாள் தமிழ் வகுப்பு நாள். போன ஆண்டு முதல் பருவத்தில் அவன் வராத நாள்களை எல்லாம் வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்றே குறித்திருந்தார்கள். சிசிஏ வருகை ஆண்டுக்கு 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் போனால் அந்தக் கணக்கு எப்படி வரும்? இதை வைத்துத்தான் நான்காம் ஆண்டில் சிசிஏ நிலை தீர்மானிக்கப்படுகிறது. அந்த நிலை நன்றாக இருந்தால் ஜேசிக்கு விண்ணப்பிக்கும்போது 2 புள்ளி வரை சலுகை கிடைக்கும். நான் எழுதிக் கேட்டேன். ஆசிரியர் மரியாதையாகப் பதில் அனுப்பி, தகுந்த காரணம் என்று பதிவைத் திருத்திக்கொடுத்தார். அதுவரை சரி.

ஆனால் பதிவேட்டைத் திருத்தலாம், ஆட்டத்தைத் திருத்த முடியாது. ஹாக்கி பார்த்தவர்களுக்குத் தெரியும், பெனால்டி கார்னர் என்பது முழுக்க முழுக்க ஒத்திகை. ஒருவன் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான், ஒருவன் வட்டத்தின் விளிம்பில் நிறுத்துவான், ஒருவன் அடிப்பான். எதிரணியை ஏமாற்ற இரண்டு மூன்று மாற்று வழிகள் வைத்திருப்பார்கள். தள்ளுகிறவன் கையால் காட்டும் சைகையைப் பார்த்து எந்த வழி என்று மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். என் மகனின் அணியில் பெனால்டி கார்னர் பயிற்சி நடப்பது அவன் தமிழ் வகுப்பில் இருக்கும் நாளில். அடுத்த பயிற்சிக்குப் போகும்போது சைகை மாறியிருக்கும். நண்பர்கள் அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். போட்டிக்கு முந்தைய நாள் வாட்ஸ்ஆப் குழுவில் பெயர்ப் பட்டியல் வரும். அவன் பெயர் கடைசியில், மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் இருக்கும். பயிற்றுவிப்பாளர்மேல் எனக்குக் கோபமில்லை. சைகை தெரியாத பையனை அவர் எப்படி வட்டத்தின் விளிம்பில் நிறுத்துவார்? அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் செய்வார்கள். தவறு திடலில் இல்லை. அட்டவணை போட்ட அறையில் இருக்கிறது.

ஒரு நாள் இரவு சாப்பிடும்போது அவன் கேட்டான். “அப்பா, நான் தமிழ் ‘பி’ எடுத்துக்கட்டுமா? அது சுலபம்னு சொல்றாங்க.”

தமிழ் ‘பி’ பாடத்திட்டம் தமிழில் உண்மையிலேயே சிரமப்படும் பிள்ளைகளுக்காக வந்தது. அவர்களுக்கு அது தேவை. ஆனால் என் மகன் சிரமப்படுகிறவன் இல்லை. வீட்டில் அவன் பாட்டியோடு தமிழில் சண்டை போடுகிறவன். தமிழ்முரசில் விளையாட்டுப் பக்கத்தைத் தானாக எடுத்துப் படிக்கிறவன். அவன் அந்தக் கேள்வியைக் கேட்டது தமிழ் கடினமாக இருந்ததால் அல்ல. அணியில் இடம் கிடைக்கவில்லை, அதனால்தான். ‘பி’ எடுத்தாலும் வகுப்புக்குப் போகத்தான் வேண்டும் என்பதுகூட அவனுக்கு அப்போது தெரியவில்லை. பாரம் எதுவோ அதை இறக்கிவைத்தால் போதும் என்று அந்த வயதுக்குத் தோன்றியிருக்கிறது. பாரமாகத் தெரிந்தது தமிழ்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தமிழ் படித்தால் நண்பர்களோடு ஆட முடியாது என்று ஒரு பையனுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாராவாரம் அட்டவணை அதைச் சொல்லிவிடுகிறது. பதின்மூன்று வயதில் திடலும் நண்பர்களும்தான் உலகம். அந்த உலகத்துக்கும் தமிழுக்கும் இடையில் ஒன்றை விடச் சொன்னால் அவன் எதை விடுவான் என்று நாம் எல்லோருக்கும் தெரியும்.

தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயம். அப்படியிருந்தும் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடாக இருந்தது, 2020-ல் 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குப் பள்ளிகள் காரணம் என்று நான் சொல்லவில்லை. வீடுகள்தான் முதல் காரணம், அதை நம் சமூகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைக்கூடப் பள்ளி நேரம் தள்ளிக்கொண்டுபோனால், அப்புறம் யாரை வைத்துத் தமிழை வளர்ப்பது? ஏப்ரல் மாதம் தமிழ் மொழி விழாவில் மேடையேறும் பிள்ளைகள் வானத்திலிருந்து வருவதில்லை. ஆண்டு முழுக்க யாரோ ஒருவர் அவர்களை வகுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

உங்கள் பள்ளிகளுக்குத் தமிழ் புதிதும் அல்ல. 1834-ல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருந்தது. பாடநூல்களும் தகுந்த ஆசிரியர்களும் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. அந்த இலவசப் பள்ளிதான் 1823-ல் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய கட்டடத்துக்கு இடம் மாறி, பிற்பாடு ராஃபிள்ஸ் கல்வி நிலையம் ஆனது. அன்றைக்கு நூலும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இன்றைக்கு இரண்டும் இருக்கின்றன. இல்லாதது ஒரு மாலை நேரம் மட்டும்தான்.

இடம் மாறியதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தப் பள்ளிகளில் பல நகரத்துக்குள்தான் இருந்தன. ராஃபிள்ஸ் பிராஸ் பாசாவில் இருந்தது. அங்கிருந்து 1972-ல் கிரேஞ்ச் ரோட்டுக்கும் 1990-ல் பீஷானுக்கும் போனது. செயின்ட் ஜோசஃப்ஸும் பிராஸ் பாசாவில்தான் இருந்தது, 1988-ல் மால்கம் ரோட்டுக்குப் போனது. அதன் பழைய கட்டடம் சிங்கப்பூர் கலை அரும்பொருளகமானது. விக்டோரியா பள்ளி 1876-ல் கம்போங் கிளாமில் மலாய்ச் சிறுவர்களுக்கான ஆங்கில வகுப்பாகத் தொடங்கி, 1933 முதல் ஜாலான் புசார் பக்கம் டிர்விட் ரோட்டில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது மக்கள் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. அங்கிருந்து பீட்டி ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். அதே பள்ளி இப்போது சிக்லாப்பில், கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பள்ளிகள் இடம் மாறியதில் தவறில்லை, பையன்களுக்குப் பெரிய திடல்கள் கிடைத்தன. ஆனால் பள்ளிகள் தீவின் நான்கு பக்கமும் போய்விட்ட பிறகு, தமிழ் படிக்கும் பையனுக்குப் பயண நேரமும் கூடிவிட்டது. பேருந்து, பிறகு எம்ஆர்டி ரயில், ஃபேரர் பார்க்கில் இறங்கி நடை. மதியச் சாப்பாட்டை ரயில் மேடையில் நின்றபடி முடிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். பயிற்சியில் பாதியாவது கலந்துகொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

“சில பையன்களுக்காக முழு அணியின் நாளை மாற்ற முடியுமா?” என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். திடல் ஒன்று, அணிகள் பல. பயிற்றுவிப்பாளர் வேறு பள்ளிகளுக்கும் போகிறவராக இருப்பார். தேசியப் பள்ளி விளையாட்டுகளின் போட்டி நாள்களை நீங்கள் தீர்மானிப்பதில்லை. அதெல்லாம் எனக்கும் புரிகிறது. போட்டி நாளில் தமிழ் வகுப்பை ஒருமுறை விட்டுவிட்டுப் போகட்டும், நிலையத்து ஆசிரியர்களும் அதைப் புரிந்துகொள்வார்கள். நான் கேட்பது வாராந்தரப் பயிற்சி நாளைப் பற்றி மட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா அணிகளுக்கும் நாள் பிரிக்கும்போது, எந்த அணியில் எத்தனை பேர் தமிழ் நிலையத்துக்குப் போகிறார்கள் என்று ஒரு வரிசையைச் சேர்த்துப் பார்த்தால் போதும். பல இடங்களில் ஹாக்கியையும் வேறொரு அணியையும் நாள் மாற்றிப் போட்டாலே முடிந்துவிடும். எங்கள் நண்பர் ஒருவரின் மகன் படிக்கும் பள்ளியில் அப்படித்தான் செய்தார்கள். பொறுப்பாசிரியர் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தார், தேசிய மாணவர் படையின் பயிற்சி வேறு நாளுக்குப் போனது. அந்தப் பையன் இன்று தன் பிரிவில் சார்ஜண்ட்.

மாற்றவே முடியாத இடத்திலும் வழி இருக்கிறது. தவறிய பயிற்சியில் என்ன நடந்தது என்பதைக் காணொளியாக எடுத்து அனுப்பலாம், இப்போது எல்லா அணியிலும் யாராவது கைப்பேசியில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெனால்டி கார்னர் மாதிரி எல்லோரும் இருந்தே ஆக வேண்டிய பயிற்சியை எல்லோரும் வரக்கூடிய நாளுக்கு மாற்றிவைக்கலாம். இதற்குக் காசு தேவையில்லை. தலைமைப் பொறுப்புக்கு ஆள் எடுக்கும்போது, “இவன் செவ்வாய்க்கிழமை இருக்கமாட்டானே” என்ற ஒரு காரணத்துக்காக ஒரு பையனைத் தள்ளாதீர்கள். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். அணித் தலைவன் இல்லாத நாளில் துணைத் தலைவன் பார்த்துக்கொள்வதற்குத்தானே அந்தப் பதவியே இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து, பாட நேரத்துக்குள்ளேயே ஒரு தமிழ் வகுப்பை நடத்த முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு பள்ளியில் நான்கு பேர், அடுத்த பள்ளியில் ஆறு பேர் என்றால் சேர்ந்தால் ஒரு வகுப்பாகிறது. அதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி, ஆசிரியர், இரண்டு பள்ளிகளின் நேரப் பட்டியல் எல்லாம் வேண்டும். சுலபமில்லை. ஆனால் கேட்கவேண்டியவர்கள் நீங்கள். பெற்றோர் கேட்டால் ஒரு கடிதம், முதல்வர்கள் கேட்டால் அது ஒரு திட்டம்.

இனி பழைய மாணவர் சங்கங்களுக்கு. உங்கள் பள்ளிகளின் தாழ்வாரங்களில் புகைப்படங்கள் தொங்குகின்றன. தினமும் காலையில் மார்பில் கைவைத்துப் பையன்கள் சொல்லும் உறுதிமொழியின் முதல் வரைவை 1966-ல் எழுதிய எஸ். ராஜரத்தினம் ராஃபிள்ஸில் படித்தவர். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்த எஸ். ஆர். நாதன் விக்டோரியாவில் படித்தவர். நாதன் அவர்களின் பள்ளிப் பருவம் எவ்வளவு கரடுமுரடாக இருந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. வீட்டைவிட்டு ஓடிப்போய், வேலை பார்த்து, தானாகப் படித்து, பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1954-ல் பட்டயம் பெற்றார். தமிழ்ப் பையன் எவனாவது அந்தப் படத்தின் முன் நின்று பார்த்தால் அவனுக்கு நெஞ்சு நிமிரும். அது நல்லது. ஆனால் அந்தப் பையனுக்கு இன்று உயிரோடு ஓர் அண்ணனும் தேவை. உங்களில் எத்தனையோ தமிழர்கள் இருக்கிறீர்கள். அணியில் ஆடியவர்கள், படையில் இருந்தவர்கள், அதே வயதில் தமிழ் வகுப்புக்கும் ஓடியவர்கள். சங்கம் திரட்டும் பணத்தில் அரங்கமும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. அதோடு சனிக்கிழமைக் காலையில் திடலுக்கு ஒரு மணி நேரம் வந்து, வாரநாள் பயிற்சியைத் தவறவிட்ட பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஒரு பள்ளிக்கு மூன்று நான்கு பேர் முன்வந்தாலே போதும். மூத்தவன் இளையவனுக்குக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் நீங்கள் வெளியேறிய நாளோடு முடிந்துவிட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

என் மகன் தமிழ் ‘பி’ எடுக்கவில்லை. நாங்கள் பேசினோம், அவன் வழக்கமான தமிழ்ப் பாடத்திலேயே தொடர்கிறான். அடுத்த ஆண்டு உயர்நிலை மூன்று, ஹாக்கியில் மூத்த மாணவர்களின் ‘பி’ பிரிவு அணிக்குப் போக வேண்டிய வயது. தேர்வாகும் பையன்களின் பட்டியலில் தன் பெயர் வராது என்று இப்போதே முடிவுகட்டி வைத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் உயர்நிலை ஒன்றில் இரண்டு தமிழ்ப் பையன்கள் அதே அணியில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் அதே நாளில்தான் பீட்டி ரோட்டுக்குப் போகிறார்கள்.

ஆண்டு இறுதி விடுமுறைக்குள் உங்கள் அடுத்த ஆண்டு நாள்காட்டி தயாராகிவிடும். அதை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் நிலையத்தின் அலுவலகத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசி, உங்கள் மாணவர்களின் வகுப்பு நாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பதிலுக்காக எங்களைப் போன்ற பெற்றோர் காத்திருக்கிறோம். உங்களோடு உட்கார்ந்து பேசவும், சனிக்கிழமைப் பயிற்சிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரவும் நாங்கள் தயார்.

அன்புடன்,
ஒரு மாணவனின் தந்தை
சிங்கப்பூர்